ஆசார்ய பிரபுல்ல சந்திர ரே: தொழிலும் சீடர்களும்

கல்கத்தாவில் குடியிருந்த நம் அங்கத்தினர்களுக்கு ‘அக்வா டைகோட்டிஸ்’ பாட்டில் நினைவிருக்கலாம். பெயர்தான் லத்தீன், உள்ளே இருப்பது நம் ஓமத் திரவம். அதைத் தயாரித்த பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். அவரை ரசாயன விஞ்ஞானியாகப் பலரும் அறிவோம். தொழில் தழைப்பதற்கு வழிகாட்டி எவ்வளவு அவசியம் என்பதும் அவர் வாழ்க்கையிலிருந்து நன்கு விளங்கும்.

பிரபுல்ல சந்திர ரே 1861 ஆகஸ்ட் 2 அன்று, இப்போது பங்களாதேஷில் இருக்கும் ராருலி கிராமத்தில் பிறந்தார். கல்கத்தாவில் படிக்கும்போது பிரசிடென்சி கல்லூரியில் அலெக்சாண்டர் பெட்லரின் ரசாயன வகுப்புகளைக் கேட்டு அத்துறையில் மனம் லயித்தார். 1882-ல் கில்கிறைஸ்ட் உதவித்தொகை பெற்று எடின்பரோ சென்றார். அங்கே பேராசிரியர் கிரம் பிரவுன் அவருக்குக் குருவாக வாய்த்தார். 1887-ல் டி.எஸ்.சி. பட்டம் கிடைத்தது.

ஊர் திரும்பியவருக்கு உடனே வேலை கிடைக்கவில்லை. சில மாதங்கள் ஜகதீச சந்திர போஸின் வீட்டில் தங்கியிருந்தார். 1889-ல் பிரசிடென்சி கல்லூரியில் மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் ஆசிரியரானார்.

படித்த இளைஞர்கள் எல்லோரும் குமாஸ்தா உத்தியோகத்தையே தேடி அலைவது அவரை வருத்தியது. மருந்துச் சரக்குகளோ சீமையிலிருந்து வந்தன. 1892-ல் கைச்சேமிப்பான சுமார் 700 ரூபாயை முதலாகப் போட்டு, அப்பர் சர்குலர் ரோடு 91-ஆம் எண் வாடகை வீட்டில் மருந்து தயாரிக்க ஆரம்பித்தார்.

சோடியம் பாஸ்பேட் தயாரிக்க மாட்டெலும்பு வேண்டும். எலும்பிலுள்ள கால்சியம் பாஸ்பேட்டைக் கந்தக அமிலத்தால் பிரித்து, பிறகு சோடாவுடன் சேர்ப்பது முறை. கசாப்புக் கடைகளிலிருந்து மூட்டையாக வாங்கி மொட்டை மாடியில் காயப்போட்டார். மழை பெய்து எலும்பு அழுகி நாற்றமெடுத்தது, காக்கைகள் கூடின, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தனர். பகலில் கல்லூரி, மாலையில் இந்த வேலை என்று அவர் விடாமல் நடத்தினார்.

டாக்டர் அமூல்ய சரண் போஸ் என்ற நண்பர் கைகொடுத்தார். ஓமம், ஆடாதொடை போன்ற நாட்டு மருந்துகளை நவீன முறையில் திரவமாக்கி, மற்ற டாக்டர்களையும் எழுதித்தரச் செய்தவர் அவர். சதீஷ் சந்திர சின்ஹா என்ற ரசாயனப் பட்டதாரியும் வந்து சேர்ந்தார். சின்ஹா விஷ அமிலத்தால் நேர்ந்த விபத்தில் இறந்தார். அமூல்ய சரண் 1898-ல் பிளேக் நோய்க்குப் பலியானார். இரு கைகளையும் இழந்தவர் போலானார் ரே. தொழிலை மூடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் மூடவில்லை. 1901-ல் அது லிமிடெட் கம்பெனியாயிற்று.

இதன் பிறகு அவர் செய்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. எல்லாவற்றையும் தம் கையிலேயே வைத்துக்கொள்ளாமல், ஆட்களைத் தேடினார். ராஜசேகர போஸ் என்ற இளைஞர் ரசாயனத்தில் எம்.ஏ. தேறி, சட்டமும் படித்துவிட்டு, வக்கீல் தொழில் பிடிக்காமல் இருந்தார். 1903-ல் அவர் கம்பெனியில் சேர்ந்தார். சீக்கிரமே நிர்வாகப் பொறுப்பும் அவரிடம் வந்தது. அவர் அதைச் சுமார் முப்பது வருஷம் திறம்பட நடத்தினார். ‘பரசுராம்’ என்ற பெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதி வங்காளத்தைச் சிரிக்க வைத்தவரும் அவரே.

இன்னொருவர் சதீஷ் சந்திர தாஸ்குப்தா. அங்கே ரசாயனராக இருந்து தீயணைப்புக் கருவி ஒன்றை உருவாக்கியவர், பின்னர் காந்திஜியின் கதர்ப் பணிக்குப் போய்விட்டார். அவர் தயாரித்த சுதேசி மையை அடிப்படையாகக் கொண்டே 1934-ல் மைத்ரா சகோதரர்கள் ‘சுலேகா’ மைத் தொழிலைத் தொடங்கினர். ஒரு விளக்கிலிருந்து மற்றொன்று ஏற்றப்படுவது போல, ரே கற்பித்தது அவருடைய கம்பெனிக்கு வெளியேயும் பரவிற்று.

கல்லூரியிலும் அப்படியே. முதல் வருஷ மாணவர்களுக்குத் தாமே பாடம் எடுக்க விரும்பினார். மேக்நாத் சாஹா, சத்யேந்திர நாத் போஸ், பிற்காலத்தில் கரக்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் டைரக்டரான ஞான சந்திர கோஷ் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். 1916-ல் கல்கத்தா யுனிவர்சிடி சயன்ஸ் காலேஜில் சேர்ந்து, அந்தக் கட்டடத்திலேயே ஒரு அறையில் பிரம்மச்சாரியாக வாழ்ந்தார். அறுபது வயதுக்குப் பின் தம் சம்பளத்தை ரசாயனத் துறைக்கே விட்டுக்கொடுத்தார். 1944 ஜூன் 16 அன்று அதே அறையில், சீடர்கள் சூழ, காலமானார். அவரை ‘ஆசார்ய’ என்று நாடு அழைத்ததில் வியப்பில்லை.

அவர் வளர்த்த நிறுவனம் பிற்காலத்தில் நலிவடைந்து, 1980-ல் தேசியமயமாக்கப்பட்டது. 2020-ல் கொரோனா சமயத்தில் ஹைட்ராக்சி குளோரோகுவின் மாத்திரை பற்றிப் பேச்சு எழுந்தபோது அதன் பெயர் மீண்டும் பத்திரிகைகளில் அடிபட்டது.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. பல வருஷங்களுக்கு முன் என் அக்கா பிள்ளை பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, பினாயில் தயாரிக்கும் யோசனையுடன் என்னிடம் வந்தான். ஒரு நோட்டுப் புத்தகம் நிறையக் கணக்கு எழுதி வைத்திருந்தான். நானும் அதே பாடம் படித்தவன். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவன். லைசென்ஸ் விதிகளும் தெரியும். ஆனால் நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், பாங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் பாங்கில் நல்ல பதவிக்கு வந்து ஓய்வும் பெற்றுவிட்டான். என்மேல் அவனுக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் இருக்கிறது. அன்று அவன் என்னிடம் பணம் கேட்கவில்லை. கூட உட்கார்ந்து கணக்கைச் சரிபார்க்க ஒரு பெரியவர் வேண்டியிருந்தது, அவ்வளவே.

நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற எஞ்சினியர்கள், ஆடிட்டர்கள், ரசாயனர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். தொழில் தொடங்கும் ஆசையுடன் ஒரு பிள்ளையோ பெண்ணோ வந்தால், முதலில் அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள். தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள். கால் ஊன்றியதும் அவர்களிடமே விட்டுவிடுங்கள். ஆசார்ய ரே செய்தது இதுதான்.