புதுக்கோட்டைப் பெண்ணும் இருமுனைக் கத்தியும்

புதுக்கோட்டை என்றதும் மன்னர், அரண்மனை என்று பேசுவோர் பலர். நமக்கு நினைவு வருபவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் பிறந்தார். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் பெண் நுழைவதா என்று சீறினர் பழைமைவாதிகள். மன்னர் அனுமதித்தார், அம்மையார் நுழைந்தார். 1912இல் மருத்துவப் பட்டம். பிறகு சட்டமன்றம், தேவதாசி முறை ஒழிப்பு. இவை நாடறிந்தவை.

நாடு அதிகம் அறியாதது ஒரு தங்கையின் சாவு. 1923இல் அந்தத் தங்கை புற்றுநோயால் துடித்து மாண்டார். அக்காள் மருத்துவர், என்ன பயன்? கையில் மருந்தில்லை. அந்தப் புண் ஆறவேயில்லை. சாகப்போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்று கேட்டவர்களையும் மீறி நிதி திரட்டினார். 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது.

அன்று இல்லாத மருந்துகள் இன்று உண்டு. மார்பகப் புற்றுக்குத் தரும் சைக்ளோபாஸ்பமைடு, போரில் மனிதரைக் கொன்ற கடுகு வாயுவின் உறவுப் பொருளிலிருந்து பிறந்தது! புற்று அணுவின் மரபணுவைத் தாக்கி, அது பெருகாமல் தடுக்கிறது. ஆனால் நல்ல அணுவையும் அது விட்டுவைப்பதில்லை. முடி உதிர்வதும் வெள்ளை அணுக்கள் குறைவதும் அதனால்தான். மரபணுவில் விழுந்த வடு, சிலருக்கு, மிகச் சிலருக்கே, ஆண்டுகள் கழித்து இரத்தப் புற்றாக மாறுகிறது. கருமுட்டைகளும் கெடலாம். சிகிச்சைக் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. முடிந்த பிறகு எப்போது என்பதையும் மருத்துவரைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

இதை ஏன் சொல்கிறோம்? மறைத்தால் வதந்தி முந்திக்கொள்ளும். நூறுநாள் வேலைக்குப் போகும் ஒரு தாய், மார்பில் கட்டியைச் சேலைக்குள் மறைக்கிறாள். தெரிந்தபின் மருந்துதான் கொல்லும் என்று எவனோ சொன்னதைக் கேட்டுப் பாதியில் நிறுத்துகிறாள். கூலி போகிறதே என்ற கணக்கும் உண்டு, அதை நாம் குறை சொல்ல முடியாது. ஆனால் மருந்தின் வடு வரலாம், வராமலும் போகலாம். கவனியாத கட்டி அவளைக் கொன்றே தீரும். அளவறிந்து கொடுப்பதும், முடிந்த பின்னும் இரத்தம் சோதித்துப் பல்லாண்டு பின்தொடர்வதும் மருத்துவமனையின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை.

அடையாற்றில் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1955இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் பொறுப்பைத் தோளில் ஏற்றார்கள். அம்மையார் 1968 சூலை 22இல் மறைந்தார். தங்கைக்குக் கிடைக்காத மருந்து, அவர் எழுப்பிய கட்டடத்தில் முகமறியாத பெண்களுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.