கண்ணீர் சிந்திய ஆண்டவர்

திரு இருதய ஆண்டவர் படம் இல்லாத கத்தோலிக்க இல்லம் நம்மிடையே அரிது. முள்முடி சூழ, தீச்சுவாலை எழும் இருதயத்தை ஓவியர் வரைந்திருப்பார். முகத்தையோ யாதொரு சலனமுமின்றி வரைந்திருப்பார். அம்முகத்தையே பார்த்துப் பழகிய நாம், இயேசு பெருமான் அழுதவர், சினந்தவர், கலங்கியவர் என்பதை ஏறக்குறைய மறந்தே போனோம். அதனால்தான் துக்க வீட்டில் கதறும் தாயைப் பார்த்து, விசுவாசமுள்ளவர் இப்படி அழலாமா என்று கேட்கவும் துணிகிறோம். கேட்குமுன் பெத்தானியாவுக்கு ஒருமுறை போய் வருவோம்.

எருசலேமிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில், ஒலிவ மலையின் கீழ்ச்சரிவில் இருந்த சிற்றூர் அது. மார்த்தா, மரியா, இலாசர் ஆகிய மூவரும் அங்கு வாழ்ந்தனர். மூவரும் இயேசுவின் அன்புக்குரியவர்கள். இலாசர் நோயுற்ற செய்தி எட்டியும் அவர் 2 நாள் தாமதித்தார். வந்து சேர்ந்தபோது இலாசரைக் கல்லறையில் வைத்து 4 நாள் ஆகியிருந்தது. அவர் உடனிருந்தால் தம்பி இறந்திருக்க மாட்டான் என்று சகோதரிகள் இருவரும் தனித்தனியே முறையிட்டனர். அம்முறையீட்டில் விசுவாசமும் இருந்தது, மனத்தாங்கலும் இருந்தது. அவர் கடிந்துகொள்ளவில்லை. மரியாவும் உடன் வந்தவர்களும் அழுவதைக் கண்டு அவர் உள்ளம் குமுறியது. அருளப்பர் இங்கே ஆளும் கிரேக்கச் சொல்லில் சினத்தின் சாயல் உண்டு. குதிரை சீறுவதற்கும் அச்சொல் வழங்கியது. மனிதரை வாட்டும் சாவின் மேலேயே அவர் சினம் கொண்டார் என நாம் கொண்டால் தவறில்லை. பின்னர் கண்ணீர் விட்டார். சற்று நேரத்தில் நண்பனை உயிரோடு எழுப்பப் போவதை அறிந்திருந்தும் கண்ணீர் விட்டார்.

மூலமொழி காட்டும் நுட்பம் இன்னொன்று. பெத்தானியாவில் அவர் அழுததற்கு, ஓசையின்றிக் கண்ணீர் உகுப்பதற்கான சொல் வருகிறது. எருசலேம் நகரைப் பார்த்து அழுததைக் கூறும் லூக்காஸோ, வாய்விட்டு அழுவதற்குரிய சொல்லை எடுத்துக்கொள்கிறார். தம்மை ஏற்காத நகருக்காக அவர் அப்படி அழுதார்! கி.பி. 70-இல் உரோமைப் படை அந்நகரையும் ஆலயத்தையும் அழித்தது. அவர் நின்று அழுத இடமென மரபு காட்டும் சரிவில், 1955-இல் கண்ணீர்த்துளி வடிவில் ஒரு சிற்றாலயம் எழுந்தது.

நயீன் ஊர் வாயிலில் ஒரே மகனைப் பறிகொடுத்த கைம்பெண்ணைக் கண்டபோது அவர் மனமிரங்கினார் என்று வாசிக்கிறோம். அந்த இரக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் குடல் என்னும் சொல்லிலிருந்து பிறந்தது. பெற்ற வயிறு பற்றி எரிகிறது என்று நம் தாய்மார் சொல்வதை அறிந்த நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

அவருடைய சினத்தைப் பற்றிப் பேச நாம் கூச்சப்படுகிறோம். கை சூம்பிய மனிதனை ஓய்வுநாளில் குணமாக்கலாமா என்று குற்றம் காணக் காத்திருந்தவர்களை, செபக்கூடத்தில் அவர் சினத்தோடு சுற்றிப் பார்த்தார். அவர்களின் கல்மனத்தை எண்ணி வருந்தவும் செய்தார். இந்தச் சினத்தைக் குறித்துவைத்தவர் மாற்கு ஒருவரே. அதே நிகழ்ச்சியை எழுதிய மத்தேயுவும் லூக்காஸும் அதைச் சொல்லாமல் விட்டனர். சினந்த கையோடு அவர் செய்தது என்ன? அம்மனிதனின் கையைக் குணமாக்கினார். நம் கோபம் எத்தனை முறை அப்படி முடிந்திருக்கிறது? ஆலயத்தில் நாணயம் மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்தவர், புறா விற்றவர்களிடம் அவற்றை எடுத்துப் போகும்படி சொன்னதாக அருளப்பர் எழுதுகிறார். புறா ஏழைகளின் காணிக்கை. அவரைக் கோவிலில் ஒப்புக்கொடுத்தபோது அவருடைய பெற்றோர் செலுத்தியதும் ஏழைகளின் அந்தக் காணிக்கையே.

இவையெல்லாம் வெறும் தோற்றமே என்றவர்களும் உண்டு. 4-ஆம் நூற்றாண்டில் அப்பொல்லினாரியுஸ் என்பவர் கிறிஸ்துவுக்கு மனித அறிவான்மா இல்லை என்று போதித்தார். 381-இல் கான்ஸ்தாந்திநோபிளில் கூடிய பொதுச்சங்கம் அப்போதனையைக் கண்டித்தது. 1956-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர், திரு இருதய பக்தி பற்றிய தம் சுற்றுமடலில், அந்த இருதயம் மனித உணர்வுகளோடு துடித்த இருதயமே என விளக்கினார்.

ஜெத்சமனித் தோட்டத்தில் இதைக் கண்கூடாகக் காண்கிறோம். இராயப்பரையும் யாகப்பரையும் அருளப்பரையும் அழைத்துச் சென்று, தம் துயரத்தை அவர்களிடம் ஒளிக்காமல் சொன்னார். உடன் விழித்திருக்கக் கேட்டார். பாடு அகன்றுபோகத் தந்தையிடம் மன்றாடினார். மூன்று முறை திரும்பி வந்து பார்த்தார். மூன்று முறையும் அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். அன்றிரவே கரிநெருப்பருகில் நின்று இராயப்பர் அவரை மும்முறை மறுதலித்தார்.

உயிர்த்த பின் ஒரு விடியற்காலையில், திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு இயேசு காத்திருந்தார். முதலில் உண்ணச் சொன்னார். உண்ட பின் மறுதலித்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தம்மீது அன்பு உண்டா என்று மட்டும் மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது இராயப்பர் மனம் நொந்தார். அந்த நொந்த மனிதனிடமே ஆண்டவர் தம் ஆடுகளை ஒப்படைத்தார்.