அசோகரும் அரசாங்க மொழியும்

ஒரே அரசாங்க மொழி அமைந்தால் ஒரு நாட்டு மக்கள் ஒன்றுபடுவரா என்னும் வினாவுக்கு, அசோகச் சக்கரவர்த்தியின் வரலாறு தக்க விடை தரும்.

பிந்துசாரரின் மைந்தரான அசோகர் கி.மு. 268-ஐ ஒட்டி முடிசூடினார். எட்டாண்டுகள் கழிந்தபின் கலிங்கத்தை வென்றார். அப்போரில் ஒரு லட்சம் பேர் மாண்டனர்; ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர். இதனை அவருடைய 13-ஆம் பாறைச் சாசனமே தெரிவிக்கிறது. அத்துயரம் அவர் நெஞ்சை மாற்றிற்று. போர்வெறியை நீத்துத் தருமத்தைப் பற்றினார்.

தருமத்தைக் கல்லில் பொறித்தபோது, பெரும்பாலும் பிராகிருதத்தையே கையாண்டார். ஆயினும் அதில் பிடிவாதம் கொண்டாரில்லை. கிழக்கே லாஜா என்று எழுதப்பட்ட சொல், மேற்கே கிர்னாரில் ராஜா என்று எழுதப்பட்டது. வடமேற்கில் கரோஷ்டி எழுத்து இடம்பெற்றது. 1958-இல் கந்தகாரில் வெளிப்பட்ட சாசனமோ கிரேக்கத்திலும் அரமேயத்திலும் அமைந்துள்ளது.

நம் கர்நாடகத்தில் நடந்தது என்ன? சித்திரதுர்க்க மாவட்டத்துப் பிரம்மகிரியில் 1892-இல் கண்டறியப்பட்ட சாசனம் பிராகிருதத்திலேயே உள்ளது. அது இசிலாவில் இருந்த அதிகாரிகளை நோக்கியது. அதனை எழுதிய சபடன், தன் தொழிற்பெயரை வடமேற்குக் கரோஷ்டியில் பொறித்தான். ஆளுவோரின் மொழி அது; இங்கு ஏர் பிடித்தோரின் மொழியன்று.

அம்மொழி பேரரசைக் காத்ததா? இல்லை. அசோகர் மறைந்து ஐம்பதாண்டுக்குள் மௌரிய ஆட்சி மாய்ந்தது. கன்னடமும் தமிழும் வாழ்கின்றன.

அவர் ஒற்றுமையை நாடிய வழி வேறு. கலிங்கத்துச் சாசனங்களில் போர் வெற்றியைப் பேசாது விடுத்தார். குடிகள் யாவரும் தம் மக்களே என்றார். எவரையும் காரணமின்றிச் சிறையிலிடலாகாது என்று அதிகாரிகளை எச்சரித்தார். அதனைக் குறித்த நாளில் மக்கள் செவிபட வாசிக்கவும் கட்டளையிட்டார்.

அவர் மைந்தர் மகிந்தர் தருமத்தைக் கொண்டுசென்றதாக மரபு கூறும் இலங்கையோ, 1956-இல் சிங்களத்தை மட்டுமே அரசாங்க மொழியாக்கிற்று. ஒற்றுமை விளையவில்லை, பிளவு வளர்ந்தது. 1987-இல் தமிழும் அரசாங்க மொழியானபோது உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. அது 2009 வரை ஓயவில்லை. அசோகரைப் போற்றும் நாம் இதனை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

பெங்களூரில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது பேசுவோர் ஒரே தெருவில் வாழ்கிறோம். அரசாங்கக் காரியத்துக்குப் பொதுமொழி வேண்டுவதே. இந்நாட்டு மொழியைக் கற்பதும் நம் கடமையே. ஆனால் ஏழை ஒருவன் தன் குறையைத் தனக்குத் தெரிந்த மொழியில் சொல்ல, அதற்குச் செவி சாய்த்து நீதி வழங்கும் இடத்தில்தான் நாடு ஒன்றாகும்.