டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்



சில வாரங்களுக்கு முன் ஞாயிறு பூசை முடிந்தபின், தறி நெய்து பிழைக்கும் குடும்பத்துத் தாயார் ஒருவர் கண் கலங்கி வந்து நின்றார். அவருடைய மகள் நர்ஸ் படிப்பை நல்லபடியாக முடித்து, வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் முதல் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதந்தான் ஆகிறது. அந்தப் பெண் இரவுதோறும் டெலிபோனில் அழுகிறாளாம். எதைச் செய்தாலும் வார்டு சிஸ்டர் பின்னாலேயே நிற்கிறார். சில ஊசி மருந்துகளை அளந்து காட்டிய பிறகே போட விடுகிறார். எழுதிய குறிப்பைத் திரும்ப எழுதச் சொல்கிறார். ஒரு நாள் நோயாளியின் முன்னிலையிலேயே திருத்தினார். பட்டம் வாங்கியும் தன்னை யாரும் நம்பவில்லையே என்பது அவளுடைய துக்கம். வேலையை விட்டு வந்துவிடச் சொல்லலாமா என்று தாயார் என்னிடம் கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. வீட்டில் புதிதாகத் தறியில் உட்காருகிறவனை எப்படி உட்கார வைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். பெரியவர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார், ஆரம்பத்திலேயே பட்டுப் பாவை அவன் கையில் ஒப்படைத்துவிட்டு யாரும் எழுந்து போகமாட்டார்கள் என்றார். பதிலில் பாதியை அவரே சொல்லிவிட்டார். மீதிப் பாதிக்காக, நம் ஆரணியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தூரத்தில், வேலூரில் வாழ்ந்து உழைத்த ஓர் அம்மையாரின் சரித்திரத்தை இங்கே எழுதுகிறேன். அவர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். புராட்டஸ்டாண்டு மிஷன் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் இந்தப் பக்கத்து ஏழை எளியவர்களில் அவர் தொடங்கிய ஆஸ்பத்திரியின் வாசலை மிதிக்காத குடும்பம் அபூர்வம்.

ஐடா சோபியா ஸ்கடர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ல் அமெரிக்காவைவிட்டுக் கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்திய ஊழியம் செய்து, பிறகு சென்னைக்கு வந்தவர். தந்தையாரும் ஒரு டாக்டரே. அவர் பெயரும் ஜான் என்பதே. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின்போது ஐடா சிறு குழந்தை. பட்டினியால் எழுந்து நிற்கவும் திராணியற்ற பிள்ளைகளுக்குத் தன் கையால் ரொட்டித் துண்டு கொடுத்ததை அவர் மறக்கவில்லை. அந்த நினைவே அவருக்கு இந்நாட்டின்மேல் ஓர் அச்சத்தை உண்டாக்கிற்று. அமெரிக்காவுக்குச் சென்று படித்து வளர்ந்தபோது, இந்தியாவுக்குத் திரும்புவதில்லை, மிஷன் வேலையில் சேருவதில்லை என்றே உறுதி கொண்டிருந்தார்.

ஆயினும் 1890-ல் தாயார் நோயுற்றதால் அவர் திண்டிவனத்துக்கு வர நேர்ந்தது. தாயார் குணமானதும் திரும்பிவிடுவதாகவே எண்ணம். அங்கேதான் அந்த இரவு வந்தது. ஒரு பிராமண வாலிபர் கதவைத் தட்டி, தம்முடைய இளம் மனைவி பிரசவ வேதனையில் சாகக் கிடக்கிறாள், வந்து காப்பாற்ற வேண்டும் என்று ஐடாவை வேண்டினார். தனக்கு வைத்தியம் தெரியாது, டாக்டரான தந்தையை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பது முடியாது என்று அவர் திரும்பிப் போனார். அதே இரவில் ஒரு முகம்மதியரும், பிறகு ஒரு முதலியாரும் அதே வேண்டுதலோடு வந்து, அவ்வண்ணமே திரும்பினார்கள். விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. விசாரித்ததில் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள் என்று தெரிந்தது.

இந்தச் சம்பவத்தைப் பலரும் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பின் நடந்ததைக் கவனிக்க வேண்டும். இருபது வயதைத் தாண்டியிருந்த அந்தப் பெண், மனம் உருகியதோடு நின்றுவிடவில்லை. உருகிய கையோடு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் புறப்பட்டுவிடவும் இல்லை. கருணை இருந்தால் போதாது, கை பழகியிருக்க வேண்டும் என்று கண்டார். அமெரிக்காவுக்குத் திரும்பி, பிலடெல்பியாவிலிருந்த பெண்கள் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். பின்பு நியூயார்க்கில் கார்னெல் வைத்தியக் கல்லூரியில் 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பெண்களைச் சேர்த்துக்கொண்ட அக்கல்லூரியிலிருந்து வெளிவந்த முதல் வகுப்பினரில் அவரும் ஒருவர். வேலூரில் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி கட்ட, ஷெல் என்னும் நியூயார்க் செல்வந்தர் காலமான தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலருடன், 1900-ஆம் ஆண்டின் முதல் நாளில் ஐடா வேலூர் வந்து சேர்ந்தார்.

புதிய பட்டதாரிக்கு உள்ள நம்பிக்கைதான் அவருக்கும் இருந்தது: நீண்ட அனுபவமுள்ள தந்தையின் கீழ் இருந்து வேலை பழகலாம், இந்நாட்டு நோய்களையும் மக்களின் மனதையும் அவரிடமே அறியலாம் என்பது. புத்தகத்தில் படித்தது வேறு, புழுதித் தெருவில் வந்து நிற்கும் நோய் வேறு அல்லவா? ஆனால் அந்த நிழல் ஐந்து மாதங்கூட நிலைக்கவில்லை. 1900 மே மாதத்தில் தந்தையார் புற்றுநோயால் இறந்துபோனார்.

தந்தைக்கு இருந்த பெயர் மகளுக்கு இல்லை. சிறுபெண், புதியவள், பெண் டாக்டர் என்று ஜனங்கள் தயங்கினார்கள். வீட்டிலேயே ஓர் அறையில் ஒரே ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியத்தைத் தொடங்கினார். மெல்ல மெல்ல நோயாளிகள் வரத் தொடங்கியபோது வேறொரு பயம் வந்தது. சந்தேகம் எழுந்தால் கேட்பதற்குப் பக்கத்தில் பெரியவர் இல்லை. கத்தி பிடித்தால் உதவிக்கு நிற்கப் படித்த நர்ஸ் ஒருத்தியும் இல்லை. வீட்டு வேலையாளின் மனைவியான சலோமி என்னும் பெண்தான் கூட நின்றாள். அவளுக்குக் கருவிகளை வெந்நீரில் கொதிக்க வைப்பதையும் கை கழுவுவதையும் கட்டுப் போடுவதையும் ஐடாவே கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவளைத் துணையாக வைத்துக்கொண்டே பெரிய ஆபரேஷனும் செய்ய நேர்ந்தது. முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 5,000 பேருக்கு இவ்விதமாய்ச் சிகிச்சை நடந்தது. இதை வீரம் என்று நாம் புகழலாம். ஆனால் தம் மனத்துக்குச் சரியென்று பட்டதைச் சரிதான் என்று உறுதிப்படுத்த ஒருவரும் இல்லாத அந்த இரவுகள் எப்படிப்பட்டவை என்பதை, முதல் வேலையில் இருக்கும் நர்ஸ் பெண்கள் நம்மைவிட நன்றாய் அறிவார்கள்.

1902-ல் 40 கட்டில்களுடன் மேரி டேபர் ஷெல் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. கட்டடம் வந்ததும் குறை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. டாக்டர் ஒரு மணி நேரம் ஆபரேஷன் செய்கிறார். மீதி இருபத்துமூன்று மணி நேரமும் நோயாளியைக் காப்பவள் நர்ஸ். காய்ச்சல் ஏறுவதையும், நாடி தளருவதையும், கட்டின்மேல் இரத்தம் கசிவதையும் முதலில் காண்பது அவள் கண். அந்தக் கண்ணைப் பழக்காமல் ஆஸ்பத்திரி நடத்த முடியாது. எனவே 1909-ல், டெலியா ஹௌட்டன் என்னும் பயிற்சி பெற்ற அமெரிக்க நர்ஸ் அம்மையாரின் துணையுடன், வேலூரில் நர்ஸ் பள்ளியை ஆரம்பித்தார் ஐடா.

அது எளிதான காரியமன்று. பெண்ணை வீட்டைவிட்டு அனுப்புவதா, இரவில் கண் விழித்து அந்நியருக்குப் பணிவிடை செய்ய விடுவதா, எல்லாச் சாதியாரின் புண்ணையும் தொட விடுவதா, பிறகு யார் கட்டிக்கொள்வார்கள் என்று அக்காலத்துப் பெற்றோர் அஞ்சினார்கள். பெண்ணைப் பாதுகாப்பாக ஒப்படைக்க மேற்பார்வையுள்ள விடுதியும், கண்டிப்பான மேட்ரனும் இருந்ததனால்தான் பல குடும்பங்கள் துணிந்தன. இன்று நம் பெண்களுக்குத் தொல்லையாகத் தோன்றும் மேற்பார்வையே, அன்று அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

இந்த முறை வேலூரில் பிறந்ததன்று. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரை அறியாதவர் இல்லை. கிரிமிய யுத்தத்தில் காயமுற்றவர்களைப் பேணிய புகழ் அவரை உலகெங்கும் கொண்டுபோயிற்று. ஆனால் அவர் செய்த நிலையான காரியம் 1860-ல் லண்டன் புனித தோமையார் ஆஸ்பத்திரியில் தொடங்கிய நர்ஸ் பள்ளியே. அங்கே சேர்ந்த பெண்கள் ஓராண்டு வார்டு சிஸ்டர்களின் கீழ் பழகினார்கள். ஒவ்வொருத்தியின் நேரந்தவறாமை, சுத்தம், கட்டுப் போடும் திறம், நோயாளியிடம் நடந்துகொள்ளும் விதம் ஆகியவற்றை மேட்ரன் குறித்து வைத்தார். ஓராண்டு முடிந்ததும் அவர்களை விட்டுவிடவில்லை. மேலும் சில காலம் ஆஸ்பத்திரியிலே வேலை செய்யும் கடமை அவர்களுக்கு இருந்தது. பரீட்சையில் தேறுவது வேறு, கை தேறுவது வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஐடா அம்மையாரின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாட்டு வண்டியிலும், 1909 முதல் ஒரு பெழோ மோட்டாரிலும் குடியாத்தம் சாலையில் போய், மரத்தடியில் வாரந்தோறும் நோயாளிகளைப் பார்த்தார். 1918-ல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளி தொடங்கினார். பெண்கள் வந்து சேரமாட்டார்கள் என்று அதிகாரிகள் ஐயுற்றபோதிலும், முதல் வகுப்பில் 14 பெண்கள் நிலைத்து நின்று, 1922-ல் படித்து வெளியேறினார்கள். 1942-ல் அப்பள்ளி எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குரிய கல்லூரியாக உயர்ந்தது. 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள். நர்ஸ் பள்ளியும் பின்தங்கவில்லை. 1946-ல் சென்னைச் சர்வகலாசாலையின் கீழ் நர்ஸ் படிப்புக்குப் பி.எஸ்ஸி. பட்ட வகுப்பு அங்கே ஆரம்பமாயிற்று. இந்தியாவில் அப்பட்டத்தை முதலில் தொடங்கிய இடங்கள் இரண்டே: டில்லியும் வேலூரும். அம்மையார் விவாகம் செய்துகொள்ளவில்லை. பொறுப்பைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுக் கொடைக்கானலில் ஓய்வாக வாழ்ந்து, 1960 மே மாதத்தில், 89-ஆம் வயதில் இறந்தார். அறுபது ஆண்டுகளுக்கு முன் அதே மே மாதத்தில்தான் தந்தையை இழந்து தனியே நின்றார் என்பது நினைக்கத்தக்கது. அவர் இறந்தபோது, வேலூரில் புதிதாய் வேலைக்கு வரும் எந்தப் பெண்ணும் அப்படித் தனியே நிற்க வேண்டிய நிலை இல்லை.

இனி அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம்.

முதலாவது, அந்தப் பெண்ணுக்கு. மகளே, உன் அறிவில் சந்தேகப்பட்டு மருந்தை இருவர் பார்ப்பதில்லை. இன்சுலின் போன்ற மருந்தில் அளவு சிறிது தவறினாலும் உயிருக்கு ஆபத்து. இரத்தம் ஏற்றும்போது பெயரும் வகையும் மாறினால் பிறகு திருத்த முடியாது. ஆகையால் அநேக ஆஸ்பத்திரிகளில் முப்பது வருஷம் வேலை பார்த்த சிஸ்டரும் இன்னொருவரிடம் காட்டித்தான் இவற்றைக் கொடுக்கிறார். எழுதிய குறிப்பைத் திரும்ப எழுதச் சொல்வதும் அப்படியே. உனக்குப்பின் இரவு வேலைக்கு வருகிறவள் அந்தக் காகிதத்தை நம்பியே நோயாளியைப் பார்க்கிறாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே. தவறு நேர்ந்துவிட்டால் மறைக்காமல் உடனே சொல். நோயாளியின் முகத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டால், காரணம் விளங்காவிட்டாலும் மூத்தவரை எழுப்பு. ஐடா அம்மையாருக்கு எழுப்ப ஆளில்லை; உனக்கு இருக்கிறார்.

இரண்டாவது, மூத்தவர்களுக்கு. நம் பங்கில் ஆஸ்பத்திரி வேலையில் அனுபவமுள்ளவர்களும் இருக்கிறீர்கள். நீங்களும் ஒரு நாள் நடுங்கும் கையோடு முதல் ஊசி போட்டவர்கள்தாமே? திருத்த வேண்டியதை அப்போதே திருத்துங்கள். ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத சிறு பிழையை நோயாளியின் முன்னால் வைத்துத் திருத்தாதீர்கள். அவமானப்பட்டவள் அடுத்த முறை கேள்வி கேட்கமாட்டாள். கேட்காதவள் கையில் நோயாளிக்குத்தான் ஆபத்து. பக்கத்தில் நிற்பது என்பது பயமுறுத்துவதன்று. சலோமியின் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவர் பெரிய டாக்டர்தான் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது, பெற்றோருக்கு. பிள்ளை அழுதால் கேளுங்கள். உடனே மூட்டை கட்டச் சொல்லாதீர்கள், அலட்சியமும் செய்யாதீர்கள். கண்டிப்பாக இருக்கும் மேலாளர் வேறு, அநீதி செய்கிறவர் வேறு. ஓய்வே தராமல் இரவு வேலை கொடுப்பதும், பழகாத வேலையில் தனியே தள்ளிவிடுவதும், சம்பளத்தைப் பிடித்து வைப்பதும் மேற்பார்வை ஆகாது. அப்படியானால் தகுந்த இடத்தில் முறையிட வேண்டும். ஆனால் வேலையைக் காட்டிச் செய்யச் சொல்வதே குறையென்றால், அது தறியடியில் பெரியவர் உட்கார்ந்திருப்பதைப் போன்றதே.

அந்தத் தாயாரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: மகளை அந்த சிஸ்டர் இதுவரை ஒரு நாளாவது தனியே விட்டுவிட்டுப் போனாரா? இல்லை என்றார். இரவு பத்து மணிக்கும் அவரே வந்து பார்க்கிறாராம். அப்படியானால் இன்னும் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். இந்தப் பக்கத்தையும் மகளுக்கு அனுப்பி வைப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார். நீங்களும் இன்றிரவு குடும்ப ஜெபத்தில், முதல் வேலையில் கண் விழித்திருக்கும் நம் ஊர்ப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பக்கத்தில் நிற்கிற மூத்தவர்களையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பங்குக் குரு