அஞ்சிய நெஞ்சும் அஞ்சாத செயலும்

அச்சத்தை அறியாதவரையே வீரர் என்று போற்றுதல் உலக வழக்கு. ஆயினும், அஞ்சும் சுபாவத்தோடு பிறந்து, அவ்வச்சம் உள்ளத்தை உலுக்கும்போதே செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவரின் வரலாறு நம்மனோர்க்கு மிகுதியும் பயன்படுவதாகும். அண்ணல் காந்தியடிகளின் இளமைக்காலம் அத்தகைய வரலாறு.

1869ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் போர்பந்தரில் பிறந்த மோகன்தாஸ், இளமையில் அச்சமே உருவான சிறுவர். கள்வர், பேய், பாம்பு ஆகிய மூன்றும் இரவெல்லாம் அவரை வாட்டின. விளக்கு இல்லாத அறையில் அவரால் உறங்க இயலாது. அச்சம் தீர இராம நாமத்தைச் சொல்லுமாறு கற்பித்தவள் ரம்பா என்னும் செவிலித்தாய். பள்ளி மணி அடித்ததும், எவரேனும் பேச வந்து விடுவரோ என்று அஞ்சி வீட்டிற்கு ஓடி விடுவார். பதின்மூன்றாம் வயதில் மணந்த கஸ்தூரிபாயோ இருளுக்குச் சிறிதும் அஞ்சாதவர். இதனைக் கண்டு கணவர் நாணமுற்றார்.

1888ஆம் ஆண்டு சட்டம் பயில இலண்டன் சென்றார். ஆங்கும் கூச்சம் அவரை விட்டபாடில்லை. மரக்கறி உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் ஒரு முறை தம் கருத்தை எழுதிக் கொண்டு சென்றார். அதைப் படிக்கவும் துணிவு எழவில்லை. தலைவர் பிறிதொருவரைக் கொண்டு அதனைப் படிக்கச் செய்தார்.

1891ஆம் ஆண்டு பாரிஸ்டராகத் திரும்பியவருக்குப் பம்பாய்ச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்குக் கிடைத்தது. கட்டணம் 30 ரூபாய். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுழன்றது, ஒரு வினாவும் எழவில்லை. அப்படியே அமர்ந்து விட்டார். வழக்கு வேறொருவர் கைக்குச் சென்றது. அன்று அவரைக் கண்டவர், இவர் நாளை ஒரு பேரரசை எதிர்த்து நிற்பார் என்று கனவிலும் கருதியிருக்க மாட்டார்.

1893ஆம் ஆண்டு தாதா அப்துல்லா நிறுவனத்தின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். டர்பனிலிருந்து பிரிட்டோரியாவுக்கு முதல் வகுப்புப் பயணச்சீட்டுடன் புறப்பட்டார். இரவில் மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் அதிகாரி ஒருவர் வந்து, சாமான் வண்டிக்குச் செல்லுமாறு கட்டளையிட்டார். சீட்டைக் காட்டியும் பயனில்லை. தாமாக இறங்க மறுத்தமையால் காவலர் கையைப் பற்றி வெளியே தள்ளினார். இரயில் வண்டி சென்று விட்டது.

அஃது ஆங்குக் கடுங்குளிர்க் காலம். மேலங்கி நிலையத்தார் வசம் இருந்த பெட்டியில் இருந்தது. கேட்டால் மீண்டும் அவமதிப்பு நேருமோ என்று அஞ்சி, அதனையும் கேளாமல் இருட்டறையில் நடுங்கியபடி அமர்ந்திருந்தார். தாயகம் திரும்பி விடலாமா? அவமதிப்பைப் பொறுத்து வழக்கை முடித்துக் கொண்டு போகலாமா? அன்றி, இக்கொடுமையின் வேரைக் களைய முயல்வதா? ஏற்ற கடமையை விட்டு ஓடுவது கோழைமை என்று தெளிந்து, மேலே செல்லத் துணிந்தார். மேலங்கியைக் கேட்க அஞ்சிய அதே இரவில்தான் அத்துணிவு பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

வழியில் குதிரை வண்டியின் தலைவன், காலடிப் பலகையில் அமர மறுத்ததற்காக அவரை அடித்தான். வண்டியின் பித்தளைக் கம்பியை இறுகப் பற்றிக் கொண்டார். உயிரோடு போய்ச் சேர்வோமா என்று நெஞ்சம் படபடத்தது. ஆயினும் கை பிடியை விடவில்லை.

பிரிட்டோரியா சேர்ந்ததும் இந்தியர்களைக் கூட்டி, வாணிபத்தில் வாய்மை வேண்டும் என்று பேசினார். அவர் வாழ்நாளில் ஆற்றிய முதற் பொதுப் பேச்சு அதுவே. பம்பாயில் அடைத்த வாய், பிறர் நலத்துக்காகத் திறந்தது! இரயில்வே அதிகாரிகளோடு கடிதப் போக்குவரத்தும் நடத்தினார். தக்க உடையணிந்த இந்தியர்க்கு உயர் வகுப்புச் சீட்டுகள் வழங்கப்படும் என்ற விடையைப் பெற்றார். அது முழுமையான நீதி அன்று, எனினும் முதற்படி. இரயில்வேயில் பணி புரியும் நமக்கு இச்செய்தி தனிச் சிறப்புடையது.

1894ஆம் ஆண்டு நேட்டாலில் பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தக் கூலியாள், முதலாளி அடித்ததால் பல் உடைந்து, குருதி ஒழுக, தலைப்பாகையைக் கையில் ஏந்தி அவரிடம் வந்து நின்றார். அண்ணல் தலைப்பாகையை அணிந்து கொள்ளச் செய்து, மருத்துவரிடம் அனுப்பி, பின் நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். முடிவில் வேறு நல்ல முதலாளியிடம் மாற்றுவித்தார். அச்செய்தி சென்னை மாகாணம் வரை எட்டியது.

1897ஆம் ஆண்டு சனவரியில் டர்பன் வீதியில் வெள்ளையர் கும்பல் அவரைத் தாக்கிற்று. காவல்துறை மேலாளரின் மனைவியார் திருமதி அலெக்சாந்தர் தம் குடையை விரித்து இடையே நின்று காத்தார். தாக்கியவர் மீது வழக்குத் தொடுக்க அடிகள் மறுத்து விட்டார். 1948ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் தில்லிப் பிரார்த்தனைக் கூட்டத்தின் அருகே குண்டு வெடித்த போதும், அவர் கூட்டத்தை நிறுத்தவில்லை. பத்தாம் நாள் உயிர் துறந்தார். மாரிட்ஸ்பர்க் நிகழ்ச்சிக்கு நூறாண்டு கழித்து, 1993ஆம் ஆண்டு அந்நகரிலேயே அவருக்குச் சிலை எழுந்தது.

அன்பர்களே! வேற்றுமொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கும் அச்சங்கள் பல உண்டு. அலுவலகத்தில் நியாயத்தைக் கேட்க நா எழாது. அண்டை வீட்டாருக்குத் தீங்கு நேரினும் கதவைத் திறக்கத் தயங்குவோம். அச்சம் முற்றும் ஒழியட்டும் என்று காத்திருந்தால் வாழ்நாளே கழிந்து விடும். ஆண்டு விழா மேடையேறும் குழந்தையின் கால் நடுங்கினால் நகையாது, நடுங்கிய கால்களே தண்டிக்கு நடந்தன என்று அதன் காதில் சொல்லுங்கள்.