பன்னிரண்டரையும் ஐந்தும்: மர்ஹூம் அஷ்ரபின் கணக்கு

மாகாண சபைத் தேர்தல் எப்போது, எந்த முறையில் என்ற பேச்சு எழும்போதெல்லாம் காத்தான்குடியில் எங்கள் தெருமுனைத் தேநீர்க் கடை இரண்டாகப் பிரிந்துவிடும். விகிதாசாரம் வேண்டாம், பழைய தொகுதி முறையே நல்லது, ஊருக்கொரு எம்.பி. இருந்தால் கேள்வியாவது கேட்கலாம் என்று ஒரு கூட்டம். பெரும்பாலும் இளைஞர்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர்கள் பேசுவதைக் கேட்கும்போது மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் நினைவு வருகிறது. அவரைப் பற்றிச் செப்டம்பர் தோறும் கட்டுரைகள் வருகின்றன. பேச்சாளர், கவிஞர், சட்டத்தரணி, அமைச்சர் என்று எல்லாம் எழுதுகிறோம். அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய வேலை ஒரு சதவீதக் கணக்கு என்பதைத்தான் சரியாக எழுதுவதில்லை.

1948ஆம் ஆண்டு ஒக்டோபர் 23ஆம் திகதி சம்மாந்துறையில் பிறந்தவர். வளர்ந்தது கல்முனையில். சட்டம் படித்துவிட்டு அரசியலுக்குள் வந்தபோது தமிழர் விடுதலைக் கூட்டணியோடுதான் கை கோத்தார். 1977 பொதுத் தேர்தலில் கூட்டணியின் மேடைகளில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி சார்பாக முழங்கினார். கூட்டணி நிறுத்திய முஸ்லிம் வேட்பாளர்கள் ஒருவரும் வெல்லவில்லை. அந்தத் தோல்வி அவருக்கு ஒரு பாடசாலையாக இருந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்துத் தொகுதி முறையை இன்று புகழ்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மட்டக்களப்பு அப்போது சாதாரணத் தொகுதியல்ல, இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்கு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போடலாம். வாவிக்கரையில் சிதறிக் கிடக்கும் முஸ்லிம் ஊர்கள் வாக்கைச் சேர்த்து இரண்டாவது ஆசனத்தை எடுக்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு. என் வாப்பா இரண்டு புள்ளடியையும் ஒரே சின்னத்துக்கு நேரே போட்ட கதையைச் சாகும்வரை பெருமையாகச் சொன்னார். அந்த ஏற்பாடு இல்லாத தனி அங்கத்தவர் முறை வந்தால் என்னவாகும்? மாவட்டத்தில் இப்போது இருப்பவை கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்ற மூன்று தேர்தல் தொகுதிகள். மாவட்ட சனத்தொகையில் கால்வாசி நாம். மூன்றில் ஒன்றிலாவது நாம் பெரும்பான்மையா?

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. கேட்க நன்றாக இருந்தது. உள்ளே ஒரு பொறி இருந்தது. மாவட்டத்தில் செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம் எடுக்காத கட்சிக்கு ஆசனப் பங்கீட்டில் இடமே இல்லை. ஒரு பேச்சுக்கு இரண்டு இலட்சம் வாக்கு விழுந்தால் 25,000 வேண்டும். 24,999 எடுத்தாலும் அத்தனையும் குப்பைக் கூடைக்குத்தான்.

1981இல் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கியபோது அது ஓர் ஊரளவு அமைப்பு. 1986இல் தேசியக் கட்சியாக்கினார், 1988இல் தேர்தல் ஆணையாளரிடம் பதிந்து மரச் சின்னத்தை எடுத்தார். அதே ஆண்டு நவம்பரில் வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தல். இந்திய இராணுவம் வீதியில் நிற்க, புலிகள் பகிஷ்கரிக்கச் சொல்ல, 71 ஆசனங்களில் 17 மரத்துக்கு வந்தது. நேற்றுப் பிறந்த கட்சி என்று சிரித்தவர்கள் அன்றோடு சிரிப்பை நிறுத்தினார்கள்.

அடுத்த மாதம் ஜனாதிபதித் தேர்தல். தெற்கில் ஜே.வி.பி.யின் கட்டளைக்குப் பயந்து பஸ் ஓடாது, கடை திறக்காது, வாக்களிக்கப் போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்ற காலம். பிரேமதாசவுக்கு ஒவ்வொரு வாக்கும் தேவைப்பட்டது. அஷ்ரப் பதிலுக்குக் கேட்டது அமைச்சுப் பதவியல்ல. வெட்டுப்புள்ளியைக் குறைக்கச் சொன்னார். பதினைந்தாவது திருத்தம் டிசம்பர் 19 வாக்களிப்புக்கு முன்பே சட்டமானது. பன்னிரண்டரை ஐந்தானது. 1989 பெப்ரவரியில் நாடு முழுவதும் இரண்டு இலட்சத்துக்கு மேல் வாக்கும் நான்கு ஆசனங்களும் பெற்று அவர் பாராளுமன்றம் போனார்.

அந்த ஐந்து நமக்கு மட்டும் பயன்பட்டதா? 2020 பொதுத் தேர்தலைப் பாருங்கள். மட்டக்களப்பில் முஸ்லிம் காங்கிரஸ் எடுத்தது 34,428 வாக்கு. அது 12 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆனாலும் ஓர் ஆசனம் கிடைத்தது. பழைய வெட்டுப்புள்ளி இருந்திருந்தால் அந்த ஆசனம் இல்லை. அதே தேர்தலில் தேசிய மக்கள் சக்தி கொழும்பிலும் கம்பஹாவிலும் தலா ஓர் ஆசனத்தை எடுத்ததும் இதே ஐந்தின் தயவில்தான். கொழும்பில் வென்றவர் இன்றைய ஜனாதிபதி. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் வெட்டுப்புள்ளியை மீண்டும் பன்னிரண்டரை ஆக்கத் தனிநபர் சட்டமூலம் ஒன்று வர்த்தமானியில் வந்திருந்தது என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்று சொல்லமாட்டேன். விருப்பு வாக்கு முறை காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி என்று நம் ஊர்களை ஒன்றோடொன்று மோத விட்டது. ஒரே சின்னத்தில் நின்றவர்களே ஒருவர் சுவரொட்டியை ஒருவர் கிழித்தார்கள். அதற்கு அவரிடம் மருந்திருக்கவில்லை. தன்னைச் சுற்றியே கட்சியைக் கட்டினார். அதன் விலையை அவருக்குப் பின் வந்த பிளவுகளில் கொடுத்தோம், இன்னும் கொடுக்கிறோம்.

ஆனால் தேர்தல் முடிவை அவர் மதித்த விதம் வேறு. 1994 உள்ளூராட்சித் தேர்தலில் அம்பாறை மாவட்டத்துச் சபைகளின் முடிவின் மீது தன் பாராளுமன்ற ஆசனத்தையே பணயம் வைத்தார். முடிவு அவர் சொன்னபடி முழுமையாக வரவில்லை. கள்ள வாக்கு, சதி என்று எவரையும் குற்றம் சாட்டாமல் பதவியைத் துறந்தார். இன்று தோற்றவர்கள் தேசியப் பட்டியலுக்குள் நுழைய வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது அது கட்டுக்கதை போலத் தோன்றும்.

அதே ஆண்டு ஓகஸ்டில் மக்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள், ஏழு ஆசனங்களோடு. சந்திரிகாவின் முன்னணிக்கு 105. இவரது ஏழும் மலையகத்திலிருந்து ஒன்றும் சேர்ந்து 113. ஓர் ஆசனம் குறைந்திருந்தால் பெரும்பான்மை இல்லை. கப்பல்துறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சரானார். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எழுந்தது. என் மகள் படித்ததும் அங்கேதான். 1990 ஓகஸ்டில் எங்கள் பள்ளிவாசல்களில் ஸுஜூதில் கிடந்தவர்களைச் சுட்டுக் கொன்ற நாட்களுக்குப் பிறகு, கிழக்கு முஸ்லிம் பிள்ளைகள் பயமில்லாமல் போய்ப் படிக்க ஓர் இடம் கிடைத்தது. ஏழு ஆசனம் என்ற பேரம்பேசும் பலம் என்னவென்று அந்த வாசலில்தான் எனக்கு விளங்கியது.

2000 செப்டம்பர் 16ஆம் திகதி கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்ட ஹெலிகொப்டர் அரநாயக்க மலையில் விழுந்தது. வயது 51. வாக்களிப்புக்கு 24 நாட்களே இருந்தன. கடைகள் தாமாகவே மூடின. எவரும் ஹர்த்தால் அறிவிக்கவில்லை, ஆனாலும் கல்முனை வீதியில் அன்று வாகனம் குறைவு.

கிழக்கு மாகாண சபை 2017 செப்டம்பரில் கலைந்தது. புதிய கலப்பு முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையை மறு ஆண்டு ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது. நம் உறுப்பினர்களும் எதிர்த்தே வாக்களித்தார்கள். அத்தோடு தேர்தலும் நின்றது. கடந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு தேநீர்க் கடையில் ஒரு தம்பி என்னிடம் கேட்டார், எங்கள் ஊருக்கு எந்த முறையில் எத்தனை ஆசனம் வரும் என்று. கடைக்காரரிடம் பேனா வாங்கி, பிளேன்டி கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டு, சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.