ருக்மிணி தேவியின் ராமாயணம்

எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில் நம் வீட்டுக் குழந்தைகள் பரதநாட்டியம் ஆடாத வருஷமே இல்லை. அவர்கள் சலங்கை கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் ஞாபகம் வரும். ருக்மிணி தேவி அருண்டேல் என்ற பெயரைப் பாட்டி குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள். வெள்ளைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டவர். போதாக்குறைக்கு மேடையேறி சதிர் ஆடியவர்.

1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தவர் ருக்மிணி. தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித்துறை இன்ஜினீயர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டு, ஓய்வுக்குப் பின் அடையாறில் குடியேறினார். அங்கேதான் அன்னி பெசன்ட் அம்மையாரின் சகாவான ஜார்ஜ் அருண்டேலின் அறிமுகம். 1920-இல் திருமணம் நடந்தபோது மணமகளுக்கு 16 வயது, மணமகனுக்கு 41. சென்னைப் பட்டணமே அமளிப்பட்டது.

கணவருடன் வெளிநாடு சென்ற இடத்தில் பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பு கிடைத்தது. பாலே கற்க ஆசைப்பட்டவரை, சொந்த நாட்டுக் கலையைத் தேடும்படி திருப்பிவிட்டவர் அவர்தான். பிறகு மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935 டிசம்பரில் அடையாறில் ஆடினார். மறு மாதமே கலாக்ஷேத்ரா பிறந்தது.

தனியாக ஆடியதைவிட, பழைய கதைகளை நாட்டிய நாடகமாக்கியதுதான் அவருடைய பெரிய காரியம் என்பேன். 1944-இல் குற்றாலக் குறவஞ்சி, 1947-இல் காளிதாசனின் குமாரசம்பவம். மெலட்டூரில் நம்மவர்கள், ஆண்களே ஸ்த்ரீ வேஷமும் கட்டி நரசிம்ம ஸ்வாமி சந்நிதியில் ஆடிவந்த பாகவத மேளத்தையும் தேடிப் போய்க் கற்றுக்கொண்டார். கதகளி ஆசான்களைக் கேரளத்திலிருந்து வரவழைத்தார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் ராமாயணம். வால்மீகியின் ஸ்லோகங்களையே எடுத்துக்கொண்டு, 1955-இல் சீதா சுயம்வரத்தில் தொடங்கி 1970-இல் மகாபட்டாபிஷேகத்தில் முடித்தார். மொத்தம் 6 நாடகங்கள். இசையமைத்த மைசூர் வாசுதேவாச்சாரியாருக்கு, தொடங்கும்போதே ஏறத்தாழ 90 வயது! 1961-இல் அவர் மறைந்த பின் பேரன் ராஜாராம் மீதியை முடித்தார். பளபளக்கும் திரைச்சீலை இல்லை, சினிமா ஜிகினா இல்லை. கைத்தறிப் புடவை, கோயில் நகை, அளவான வெளிச்சம், அவ்வளவே.

பாதுகா பட்டாபிஷேகத்துக்கு ஒருமுறை பாட்டியையும் அழைத்துப் போனோம். பரதன் பாதுகைகளைத் தலையில் தாங்கியபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீடு திரும்பும் வழியில் அந்தக் கல்யாணப் பேச்சை எடுக்கவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் தேவதாசிக் குலத்துப் பெண்களும் நட்டுவனார்களும். சிருங்காரத்தை ருக்மிணி தேவி ஒதுக்கியதைப் பாலசரஸ்வதி ஏற்கவே இல்லை. சிருங்காரம்தான் இதன் உயிர் என்பது அவர் கட்சி. நம் வீட்டுப் பெண்கள் மேடையேறிய அதே காலத்தில் அந்தப் பெண்களில் பலருக்கு மேடை இல்லாமல் போயிற்று. அதற்கு அவர் ஒருவரே காரணம் என்பது அநியாயம். ஆனால் பலன் அடைந்தவர்கள் நாம்.

ராஜ்யசபையில் இருந்தபோது, 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வருவதற்குக் காரணமாக இருந்தார். 1977-இல் மொரார்ஜி தேசாய் ஜனாதிபதி பதவிக்கு அழைத்தும் மறுத்துவிட்டார். 1986 பிப்ரவரி 24 அன்று காலமானார். 1993-இல் பார்லிமென்ட் சட்டத்தின் மூலம் கலாக்ஷேத்ரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. திருவான்மியூர் ஆலமரத்தடியில் இன்றும் காலைப் பிரார்த்தனை நடக்கிறது.